மூன்றில் ஒரு மூச்சு

ஆடி மாதத்திலிருந்து தெய்வாத்தாள் தன் புருஷனுக்கும் சேர்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. படுத்தே கிடக்கிற மனுஷனுக்கு அவ்வளவு போதும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

வாய்க்கால்மேட்டு வீதியில் இது வழக்கம்தான். அங்கே ஆண்களுக்கு எழுபது தாண்டினால் ஒவ்வொன்றாகக் கழன்றுவரும்; கழன்றதைப் பெண்டாட்டி எடுத்துக்கொள்வாள். அதற்கு ஐயரும் வேண்டாம், ஆபீசரும் வேண்டாம். கொடுக்கிறவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு, எதைக் கொடுக்கிறோம் என்று மனசில் நினைக்க வேண்டும். வாங்குகிறவர் அதைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "இனி இது என்ற பாடு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது, அது வாங்கினவருடையது.

தெய்வாத்தாளுக்கு அறுபத்தொன்பது வயது. புருஷன் சென்னியப்பனுக்கு எழுபத்தெட்டு. தாராபுரம் லைனில் நாற்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டிய டிரைவர் அவர். முதலில் அவள் வாங்கியது அவருடைய இருமலை. நெஞ்சுக்கூடு அதைத் தாங்கவில்லை. அப்புறம் மெல்லுவது. இவள் மென்று விழுங்கினால் அவருக்கு வயிறு நிறையும், அதனால் இரண்டு ஆள் சாப்பாடு இவள் தலையில். "புருஷன் படுக்கையில கெடக்கறான், இவ என்னமோ பூசணிக்காயாட்டம் ஆயிட்டா" என்று பேசினவர்கள் எல்லாம் வெளிவீதிக்காரர்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? முழங்கால் வலி இரண்டையும் ஒரே டம்ளரில் வாங்கினாள். தூக்கத்தையும் வாங்கினதிலிருந்து மத்தியானம் இரண்டு மணி முதல் ஐந்து வரை அவருக்காகத் தூங்கியாக வேண்டும்.

போன தை மாதம் பேச்சு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து சென்னியப்பன் சொல்ல நினைப்பது தெய்வாத்தாளின் வாயில் வரும். "ஃபேனைக் கொறை அம்மணி" என்று அவள் வாயே சொல்லும். "இந்த வேக்காட்டுல எதுக்குங்க கொறைக்கோணும்?" என்று அதே வாயால் திருப்பிக் கேட்பாள். சண்டையின் இரண்டு பக்கமும் ஒரே வாயில் நடக்கும். அவர் முறை வரும்போது குரல் கொஞ்சம் தடிக்கும், அதுதான் அடையாளம்.

இவ்வளவு கொடுத்தவர் ஒன்றை மட்டும் விடவில்லை. அவருடைய இடது கை. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அது இறுக்கி மூடியே இருந்தது. குளிப்பாட்டும்போதும் திறக்கவில்லை. வாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். மூட்டு வைத்தியர் வந்து பார்த்து, நல்லெண்ணெயில் பூண்டும் வாதநாராயணன் இலையும் போட்டுக் காய்ச்சித் தினம் விடிகாலையில் தேய்க்கச் சொன்னார். "எட்டு நாளைக்கு ஒரு வெரலு. பொறுமையா இருந்தீங்கன்னா பூராவும் விட்டுக்குடுக்கும்" என்றார். பொறுமைக்கு என்ன குறைச்சல்? தெய்வாத்தாள் தேய்த்தாள்.

இதற்கு நடுவில்தான் அவள் வயிற்றில் கல் வந்தது. சாப்பிட்டால் விலாவுக்குக் கீழே கத்தியை வைத்துத் திருகுகிற மாதிரி வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் நெல்லிக்காய் அளவுக்குக் கல் இருக்கிறது, இரண்டு மாசத்துக்குள் எடுக்காவிட்டால் பை வெடித்துவிடும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"மயக்கம் குடுப்பீங்களா?"

"குடுக்காம எப்பிடிங்கம்மா? மூணு மணி நேரம். உங்க மூச்சை மெஷின் பாத்துக்கும்."

"அவரு மூச்சையுங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். "அது ஒத்தக் குழாய் மெஷினுங்க. ஒரு ஆளுக்குத்தான் ஆகும். வீட்டுக்காரருக்கு நீங்கதான் ஏற்பாடு பண்ணிக்கோணும்."

அதாவது ஆபரேஷனுக்குப் போனால் அந்த மூன்று மணி நேரத்தில் அவர் போய்விடுவார். போகாவிட்டால் இவள் போவாள், இவள் போனால் அடுத்த மூச்சுக்கு அவரும் போவார். இரண்டு பக்கமும் கிணறு. தெய்வாத்தாள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஓசூரில் இருக்கிற மகன் பூபதியிடம் சொன்னாள். அவன் தங்கமான பையன்தான். "நான் விடறேம்மா, இங்கிருந்தே" என்று போனில் படத்தோடு வந்தான். அங்கே அவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். இங்கே போனைச் சென்னியப்பன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பூபதி மூச்சை இழுத்தால் நாலு நொடி கழித்துத்தான் அப்பாவுக்கு நெஞ்சு ஏறியது. அதைக்கூடச் சமாளிக்கலாம். நடுவில் சிக்னல் போய் பூபதி வாயைத் திறந்தபடி படத்தில் நின்றுவிட்டான். அப்பாவும் நின்றுவிட்டார். தெய்வாத்தாள் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்து, "என்ற பாடு, என்ற பாடு" என்று கத்தினாள். நல்லவேளை.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டு வசந்தாமணி. அறுபத்து மூன்று வயசு, கைகால் சுறுசுறுப்பு. தன் புருஷன் குழந்தைவேலுவுக்கு இரண்டு வருஷமாக மூச்சு விடுகிறவள்.

"ரெண்டு பேருக்கு விடறவளுக்கு மூணாவது ஆளு என்னங்கக்கா பாரமா? நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

நல்ல மனசு. ஆனால் வசந்தாமணிக்கு டிவியில் தொடர் பார்க்கிற பழக்கம் உண்டு. தாலி கட்டப் போகிற கட்டம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படிப் பிடித்து, விளம்பரம் முடிகிறவரை விடாததில் குழந்தைவேலு கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டார். ஆபரேஷன் நடக்கிற அன்றைக்கு டிவியே போட மாட்டேன் என்று வசந்தாமணி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். அதை நம்பி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று.

தேதி குறித்த வாரம்தான் சென்னியப்பனின் சுண்டுவிரல் திறந்தது. தெய்வாத்தாளுக்கு அப்படியொரு சந்தோஷம். அன்றைக்கு மத்தியானம் குக்கர் விசிலடித்ததும் தூக்கிவாரிப் போட்டது; கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. இத்தனைக்கும் அவள் சாதாரணப்பட்டவள் இல்லை. குளியலறையில் படமெடுத்த பாம்பை விறகுக் குச்சியால் எடுத்து வாய்க்காலில் வீசிவிட்டு வந்து தோசை ஊற்றினவள். தோட்டத்துத் தனிச் சாளை வீட்டில் வருஷக்கணக்காக ஒற்றையாளாய்ப் படுத்துத் தூங்கினவள். வயசாகிறது அல்லவா, கல்லின் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் கழித்து மோதிரவிரல் திறந்தது. அன்றிலிருந்து போன் அடித்தால் ஆகவில்லை. போனைத் துண்டில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டாள். உள்ளே இருந்து அது அடித்தபோது அரிசி டப்பாவைப் பார்த்தும் பயம் வந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொன்னாள்.

நடுவிரல் திறந்த பிறகு வாசற்கதவைத் தாண்டவே முடியவில்லை. பால் வாங்க நாலு அடி போக வேண்டும். அந்த நாலு அடியில் சென்னியப்பனுக்கு ஒரு மூச்சு தவறிவிட்டால்? திரும்பி ஓடிவந்து அவர் நெஞ்சைப் பார்த்தாள். எண்ணினாள். தனக்கு ஒன்று, தனக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. அவருக்கு விட்டோமா, அதையும் நமக்கே விட்டுக்கொண்டோமா? சந்தேகத்துக்கு இன்னொன்று விட்டாள். அது கூடிப்போய் அவருக்கு நெஞ்சு விம்மிவிடுமோ என்று அடுத்ததைக் குறைத்தாள். உட்கார்ந்தால் பயம், எழுந்தால் பயம். வாய் ஓயாமல் புலம்பியது. "கடவுளே, வசந்தா டிவி போட்டுருவாளே, டாக்டரு கை நடுங்கீருமே, நான் எந்திரிக்காமயே போயிட்டா இவரு என்ன பண்ணுவாரு, கரண்டு போயிருச்சுன்னா, மெஷினு நின்னுருச்சுன்னா..." நாளெல்லாம் அதே பாட்டுத்தான். ஆள்காட்டி விரல் திறந்த அன்று இரண்டாவது தேதியையும் வேண்டாமென்றாள்.

"உங்கம்மாகிட்டச் சொல்லிருங்க, இது மூணாவது தேதி. இதுதான் கடைசி" என்று டாக்டர் பூபதிக்குப் போன் போட்டுச் சொன்னார். பூபதி லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட அவன் வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. பூபதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மருந்து வாங்கப் போயிருந்தான். தெய்வாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டைவிரல் ஒன்றுதான் பாக்கி. அது உள்ளங்கையை அமுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் எண்ணெயை ஊற்றி அடியிலிருந்து நீவினாள், புலம்பிக்கொண்டே நீவினாள். கட்டைவிரல் மெல்ல அசைந்தது. ஃபேன் கழன்று அவர்மேல் விழுந்துவிடுமோ என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். அதே நேரத்தில் விலாவில் வலி பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்து, கண்ணை மூடி, பேச்சில்லாமல் குனிந்து உட்கார்ந்தாள். வலி இறங்க அரை நிமிஷம் ஆயிற்று.

அவள் வாய் பல நாளுக்கப்புறம் சும்மா இருந்த அரை நிமிஷம் அது. கடித்த பல்லை விட்டதும் தடித்த குரல் வந்தது.

"தேய்க்காதே அம்மணி."

தெய்வாத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இருவது நாளாச் சொல்லோணும்னு பாக்கறேன். நீ வாய ஒழிச்சாத்தானே? அதுல உன்ற பயம் இருக்குது. விட்டுரு."

"என்ற பயமுங்களா? எனக்கு எப்பங்க பயம் இருந்துச்சு?"

"அதத்தான் சொல்றேன்."

அவள் பேசாமல் இருந்தாள், அவருக்கு வாய் வேண்டுமே என்று.

"கல்யாணமாகி மூணா நாளு. எனக்குத் தாராபுரத்துல நைட் ஹால்ட்டு. அந்தச் சாளையில உன்னைய ஒத்தையில உட்டுட்டுப் போகோணும். நீ சொம்புல தண்ணி கொண்டாந்து நின்னே. கை நடுங்கி, தண்ணி எல்லாம் தளும்புது. நான் வாங்கிக் குடிச்சேன்."

"தாகமின்னு நெனச்சனுங்க."

"பஸ்ஸு ஏறிப் போயித்தான் சொன்னேன், என்ற பாடுன்னு. தெம்பு இருந்த வரைக்கும் நெஞ்சுலயே வெச்சிருந்தேன். படுத்ததுக்கப்பறம் நெஞ்சு தாங்கல. கைக்கு எடுத்துக்கிட்டேன்."

தெய்வாத்தாளுக்கு ஐம்பது வருஷமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவருடைய பஸ்ஸுக்கு ஊரே வைத்த பேர் ஆமை வண்டி. ஒரு மாட்டு வண்டியைத் தாண்ட மாட்டார். பாலம் வந்தால் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். வீட்டில் பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்வார், இருட்டினால் வெளியே போக இவளைத் துணைக்குக் கூப்பிடுவார். "ஏனுங்க, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று சொந்தபந்தம் கூடின இடத்திலெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவரும் கூடவே சிரிப்பார், பாவம். இரண்டு ஆள் பயத்தைச் சுமந்துகொண்டு நாற்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே கோபமும் வந்தது. "அம்பது வருசமாப் பயந்தாங்கொள்ளின்னு வஞ்சனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொன்னா நீ திருப்பிக் கேப்பே."

"இப்பவும் கேக்கறேன். குடுத்துருங்க. உங்களுக்கு முடியலீங்க." அவள் சொம்பை எடுக்க எழுந்தாள்.

"குடுத்துட்டா நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டே."

இருமல், வலி, தூக்கம், பேச்சு, மூச்சு என்று அவர் எதைக் கொடுத்தாலும் இதுவரை வாங்கிக்கொண்டுதான் பழக்கம். வேண்டாமென்று அவரிடமே விட்டுவைத்துப் பழக்கமில்லை. எடுத்த சொம்பை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அரப்புப் பொடி கரைத்துக் கொண்டுவந்து அவர் கையிலிருந்த எண்ணெயை எல்லாம் கழுவினாள். ஆள்காட்டி விரலை மடக்கினாள். வாய்ப் புலம்பல் நின்றது. நடுவிரலை மடக்கினாள், தெருவில் பால்காரர் மணி கேட்டது, போய் வாங்கிவந்தாள். மோதிரவிரலை மடக்கிவிட்டுப் போனை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்தாள். கடைசியாகச் சுண்டுவிரல். குக்கரை அடுப்பில் ஏற்றினாள், அது பாட்டுக்கு விசிலடித்தது. பழைய வேட்டியைக் கிழித்து அந்தக் கையை மணிக்கட்டோடு சுற்றிக் கட்டினாள். மூட்டு வைத்தியருக்குப் போன் போட்டு, இனி வர வேண்டாமென்று சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் வசந்தாமணி வந்தாள். தெய்வாத்தாள் பிடித்த டம்ளரைக் குடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தன் வீட்டு டிவி ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தெய்வாத்தாளிடமே கொடுத்தாள்.

கிளம்பும்போது பழக்கத்தில் தனக்கொரு டம்ளர் தண்ணீர் எடுத்தாள் தெய்வாத்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. தன் மூச்சை மெஷின் எப்படி விடுமோ என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் டம்ளரோடு நின்றாள். பிறகு அதைச் சென்னியப்பனின் வலது கையில் கொடுத்து, "தாகமெடுத்தாக் குடிங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

ஆட்டோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது அவள் வாய், "இனி இது என்ற பாடு" என்றது.

"என்னம்மா?" என்றான் பூபதி.

"அப்பா என்னமோ சொல்றாரு."

ஆபரேஷன் அறையில் மயக்க டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "பயமா இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது ஊட்டுல இருக்குது" என்றாள்.

கண் விழித்தபோது கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இரண்டே இரண்டு விஷயம் மட்டும் ஃபைலில் எழுத வேண்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஒன்று, மெஷினைப் போட்டும் அவளுக்குள் காற்று போகவில்லை. ஏற்கனவே வேறு யாரோ விட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் மெஷினை நிறுத்திவிட்டார்கள். இரண்டு, மயக்கத்தில் பேசக்கூடாது. அவள் பாதியில் வாயைத் திறந்து, "இனி இது என்ற பாடு" என்று ஒரு தரம் சொன்னாள். பூபதி இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். வசந்தாமணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், முகமே சரியில்லை.

"அக்கா, வையாதீங்க. ரிமோட்டு இல்லாட்டியும் டிவி பொத்தானை அமுக்குனா வருமுங்க. அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. தாலி கையில எடுத்துட்டான். நான் பாட்டுக்கு நின்னுட்டேன். ஞாபகம் வந்து ஓடிப் பாத்தா அண்ணன் சில்லிட்டுக் கெடக்கறாரு. என்னால இனி ஆகாது சாமீன்னு ஒரு டம்ளர் தண்ணியக் கையில எடுத்தேன். அதைப் புடுங்கிக் குடிச்சுட்டாருங்கக்கா, பூராவும். அதுக்கப்பறம் அண்ணன் மூச்சு எங்கிட்ட இல்ல."

"இவரு எப்பிடி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. நெஞ்சு மட்டும் சும்மா தையல் மெஷினாட்டம் ஓடுது."

தெய்வாத்தாள் உள்ளே போனாள். தலைமாட்டில் இரண்டு டம்ளர் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. சென்னியப்பன் கண் திறந்து கிடந்தார். முன்னைவிட இளைத்திருந்தார். கையில் கட்டின துணி அவிழவில்லை. நெஞ்சு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சின்னதாக ஒன்று ஏறி இறங்கியது. அவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவில்லை. எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தாள்; பாலத்திலிருந்து என்று பட்டது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். அந்தப் பயமும் அவர் கையில்தான் இருந்தது.

அவள் டம்ளர்களைக் கழுவிவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். பால் பொங்கி வந்தது, தீயைக் குறைத்தாள். மறுபடி பொங்கியது, மறுபடி குறைத்தாள். அதுவரைக்கும் அவள் ஒரு மூச்சும் விடவில்லை.

"ஏனுங்க" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள், "எந்தக் கணக்குல விடறீங்க?"

அவள் வாய் தடித்த குரலில் சொன்னது: "உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு."

தெய்வாத்தாள் இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றி, அவருடையதை ஆற்றத் தொடங்கினாள்.